பாஞ்சாலையின் அறுபத்து நான்கு பிறந்தநாள்கள்

அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை,
ஐப்பசி 18

என் கண்ணான பேத்தி கவிநிலாவுக்கு, உன் ஆயா பாஞ்சாலை, பூனா எந்தத் திசையில் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு வஜீதாவிடம் கேட்டு, அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் வெள்ளாடு வெள்ளச்சியும் மலையும் நலம். அங்கே நீயும் உன் மெஷினும் நலமா? இதைப் பிரிக்கும்போது நீ சாப்பிட்டிருந்தால் மேலே படி. சாப்பிடவில்லை என்றால் மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடு, கடிதம் எங்கேயும் ஓடிவிடாது.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் பெருமையை எழுதிவிடுகிறேன். எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்கள் நம் வாசலில் தண்ணீர் கேட்டு நின்றால் இதைத்தான் வரிசையாகச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறேன், அதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் எனக்குக் கை ஓடாது. உன் அத்தை மகன் அருண்பிரசாத் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறான். அது நம் ராஜகோபுரத்தைவிட உயரம் என்று சொன்னான், அதை மட்டும் நான் வெளியே சொல்வதில்லை, சாமிக் குத்தம். அவன் தங்கை கீதாஞ்சலி வேலூரில் நர்ஸ், போன மாதம் ஒரே வாரத்தில் பதினொரு பிரசவம் பார்த்திருக்கிறாள், அதில் ஒன்று இரட்டை, அந்த இரட்டையில் ஒன்றுக்கு இவள் பெயரையே வைத்துவிட்டார்கள். உன் தம்பி இளஞ்செழியன் ஓசூரில் குண்டெறிதலில் மாவட்டத்திலேயே இரண்டாவதாக வந்திருக்கிறான். முதலாவதாக வந்த பையனின் உடம்பை உன் அப்பன் திருமலை போனில் சொன்னான், அந்த உடம்புக்கு அந்தக் குண்டு ஒரு எலுமிச்சம்பழம், அதனால் நம் பிள்ளைதான் முதல் என்று நான் சொல்லிவருகிறேன். இவர்கள் எல்லாருக்கும் மேலே நீ. கடைசியாக உன்னைச் சொல்லுவேன், அப்போதுதான் கேட்கிறவர்கள் சொம்பைக் கீழே வைப்பார்கள்.

ஆனால் உன் வேலையைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவர்களுக்குக் கிரிவலப் பாதையில் அடுத்த லிங்கம் வந்துவிடுகிறது. இன்சூரன்சு கம்பெனியின் பெரிய மெஷினைப் பார்த்துக்கொள்கிறாள், அதற்குப் பெயர் மெயின்ஃபிரேம் என்று நான் சொன்னதும், சென்னையிலிருந்து வந்த ஒருவன், முழுக்கால் சட்டையை மடித்து விட்டுக்கொண்டு, "அது ரொம்பப் பழசாச்சேம்மா, இன்னுமா வெச்சிருக்காங்க?" என்று கேட்டான். "மலகூடத்தான் பழசு. பதினாலு கிலோமீட்டர் சுத்த வந்துட்டல்ல?" என்றேன். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான். சுவரில் இருக்கும் உன் போட்டோவைக் காட்டினாலும் ஒருத்தரும் நம்புவதில்லை. அதில் நீ பத்தாம் வகுப்பு, இரட்டைச் சடை, ஒரு ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிறது. "இந்தக் கொழந்தையா அவ்ளோ பெரிய மெஷின பாத்துக்குது?" என்கிறார்கள்.

அந்த மெஷினைப் பற்றி நீ நம் கொட்டகையில் நின்று சொன்னதை நான் மறக்கவில்லை. "ஆயா, ஒரே கொட்டானு வெச்சிக்கோ. நடுவுல ஒரு தட்டி. இந்தப் பக்கம் கறவ மாடு, அந்தப் பக்கம் கன்னுக்குட்டி. கறவ மாட்டுப் பக்கம்தான் நெசம், ஜனங்களோட பாலிசி எல்லாம் அங்க இருக்குது. கன்னுக்குட்டிப் பக்கம் டெஸ்ட். புதுசா எது செஞ்சாலும் மொதல்ல அங்கதான் செஞ்சு பாப்போம். அங்க முட்டினாலும் ஒதச்சாலும் யாருக்கும் ஒண்ணும் ஆவாது" என்றாய். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. என் வாழ்க்கையில் நான் எதையும் முட்டுமா உதைக்குமா என்று பார்த்துச் செய்ததே கிடையாது, உன் தாத்தாவைக் கட்டிக்கொண்டது உட்பட. அன்றிலிருந்து கோலம் போட்டாலும், ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாலும், கடிதம் எழுதினாலும் முதலில் ஒரு டெஸ்ட். குழம்புகூட அப்படித்தான். சின்னச் சட்டியில் டெஸ்ட் குழம்பு வைத்து, உப்பு, காரம் பார்த்து, சரியாக வந்தால் பெரிய சட்டியில் நிஜக் குழம்பு. இதில் ஒரே ஒரு சிக்கல். சின்னச் சட்டிக் குழம்பு ஒரு ஆளுக்கு இரண்டு வேளைக்கு வரும். வீட்டில் இருப்பதும் ஒரு ஆள். அதனால் பெரிய சட்டி அடுப்பு ஏறி ஒன்றரை வருடம் ஆகிறது. டெஸ்டிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது.

சரி, மெசேஜ் விஷயத்துக்கு வருகிறேன், அதற்குத்தான் உட்கார்ந்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, நான் வெள்ளச்சிக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது, இடுப்பில் செருகியிருந்த பட்டன் போன் டிங் என்றது. நம் தமிழில் வந்திருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். "அன்புள்ள பாஞ்சாலை அவர்களுக்கு, இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். நீங்கள் நூறாண்டு நலமுடன் வாழ எங்கள் நிறுவனம் மனமார வாழ்த்துகிறது." என் பிறந்தநாள் எனக்கே தெரியாது, உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தனக்குத் தோன்றிய ஒரு தேதியை எழுதினார், ஐந்தாம் வகுப்போடு நானும் நின்றேன், அந்தத் தேதியும் நின்றது. எழுபத்திரண்டு வயசில் முதல் தடவையாக ஒருத்தர் வாழ்த்துகிறார், அதுவும் அவர்களுக்கு ஒரு நிறுவனமே இருக்கிறது. அரிவாளைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து உனக்கு போன் செய்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஆயா, தமிழ்ல மெசேஜ் சரியா போவுதானு பாக்கறதுக்கு ஒரு நம்பர் வேணும். மத்தவங்கல்லாம் தொல்லனு அவங்க நம்பர எடுத்துட்டாங்க. அதான் உன் நம்பர டெஸ்ட்ல போட்டேன். தொல்லயா இருந்தா சொல்லு, எடுத்துடறேன்" என்றாய். தொல்லை! எனக்கு! "எடுத்துப் பாரு, அப்ப தெரியும் சேதி" என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

அதற்கப்புறம் நீங்கள் மெஷினில் தேதியை மாற்றி மாற்றிப் பார்த்தீர்கள், எனக்கு மாதம் ஒன்றிரண்டு பிறந்தநாள் வந்தது, சில மாதம் நாலு. செவ்வாய் அல்லது வியாழன், பதினோரு மணி. ஒவ்வொன்றுக்கும் காலண்டர் அட்டையின் பின்னால் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். மொத்தம் அறுபத்து நான்கு. மெஷின் கணக்குப்படி இன்று எனக்கு நூற்று முப்பத்தாறு வயசு. வந்த ஒவ்வொரு வாழ்த்துக்கும் "சரி. சாப்டியா?" என்று பதில் போட்டேன், ஒன்றுக்கும் மறுபதில் வரவில்லை, மெஷினுக்குப் பேசத் தெரியாது என்று விட்டுவிட்டேன். டிங் என்றால் நீ வேலைக்கு வந்துவிட்டாய், காய்ச்சல் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்கு அர்த்தம். வாழ்த்தில் உன் பெயர் இல்லாவிட்டால் என்ன, பட்டனை அழுத்தியது உன் விரல்தானே.

நடுவில் அந்தச் சாவு விவகாரமும் நடந்தது. அன்று கரண்ட் இல்லை என்று போனைக் காசியின் செல்போன் கடையில், அவன் பேட்டரியில், சார்ஜுக்குப் போட்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் காசி கையில் ரோஜா மாலையோடு, பின்னால் நாலு பேர், வாசலில் வந்து நின்றான். நான் முறத்தில் மணிலாக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"யாருக்குடா மால?"

"உ... உனக்குத்தான் பெரிம்மா."

"எனக்கு எதுக்குடா? நான் எலெக்‌ஷன்ல நின்னனா?"

"நீ... தவறிட்டனு மெசேஜ் வந்துச்சு பெரிம்மா. கம்பெனியே வருத்தம் தெரிவிச்சிருக்குது."

போனை வாங்கிப் பார்த்தேன். "பாலிசிதாரர் பாஞ்சாலை அவர்களின் மறைவு குறித்து ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறோம்" என்று அழகாகத்தான் எழுதியிருந்தது. வந்த நாலு பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். அதில் ஒருத்தர் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரை வாங்கினார். மாலையை வெள்ளச்சி தின்றாள், நார் உட்பட. உனக்கு போன் செய்தால் நீ, "ஐயோ ஆயா, அது டெஸ்ட் சாவு" என்றாய்.

"டெஸ்ட் சாவுனா இன்னாடி?"

"ஒருத்தர் செத்துட்டா எல்லாம் ஒழுங்கா நடக்குதானு பாக்கறது."

"நடந்துச்சுடி. மாலகூட வந்துச்சு" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் உன் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள் என்று சொன்னாய். உண்மையைச் சொல்கிறேன், நான் செத்தால் நாலு பேர் வருவார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதுவும் ஒரு நிம்மதி.

இனி எழுதப்போவதை உன்னிடம் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனி மாதம் அந்த வியாழக்கிழமை. பதினோரு மணி ஆனது, டிங் வரவில்லை. பதினொன்றரை ஆனது, வரவில்லை. அதற்கு முந்தின செவ்வாயும் வரவில்லை. புல்லுக்கட்டை இறக்கி வைத்தேன், ஏற்றி வைத்தேன், வேறு வேலை ஓடவில்லை. சும்மா போன் செய்தால் "ஆயா, வேலயா இருக்கேன், ராத்திரி பேசறேன்" என்பாய், அது உன் தப்பில்லை, வேலை செய்கிற பிள்ளை அப்படித்தான் சொல்லும். அதனால் ஒரு காரணத்தோடு போன் செய்தேன். "கவி, வெள்ளச்சியைக் காணோம்டி" என்றேன்.

நீ துடித்துப்போய்விட்டாய். "எப்பலேருந்து காணோம்? கொளத்துப் பக்கம் பாத்தியா? கயிறு அறுந்துகிதா, அவுத்துக்கிட்டு போச்சா? கிரிவலப் பாதைல வண்டி ஜாஸ்தி ஆயா, வஜீதாக்காவ அனுப்பு" என்று கேள்வி மேல் கேள்வி. ஒரு கையில் போன், ஒரு கையால் தட்டிக்கொண்டிருந்தாய், அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அன்று லீவு போட்ட பெண்ணுக்குப் பதிலாக நீதான் இரண்டு பக்கமும் பார்த்தாயாம். ஒரு திரையில் டெஸ்ட், ஒரு திரையில் நிஜம். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே பச்சை எழுத்து. என் ஆட்டைத் தேடிக்கொண்டே, எனக்கு அனுப்ப வேண்டிய வாழ்த்தை நீ தட்டிக்கு இந்தப் பக்கம், கறவை மாட்டுப் பக்கம், அனுப்பிவிட்டாய். நாற்பத்தோராயிரம் பேருக்குப் போனது. எல்லாருக்கும் ஒரே மாதிரி: "அன்புள்ள பாஞ்சாலை அவர்களுக்கு, இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்."

கவி, வெள்ளச்சி எங்கேயும் போகவில்லை. நான் உன்னோடு பேசும்போது என் முந்தானையைத்தான் மென்றுகொண்டிருந்தாள்.

அதோடு முடியவில்லை. வஜீதாவின் வீட்டுக்காரர் நூருல்லாவுக்கு அந்தக் கம்பெனியில் பாலிசி, காசிக்குப் பாலிசி, ரேஷன் கடைத் தம்பிக்குப் பாலிசி. அவர்கள் போனில் எல்லாம் பாஞ்சாலைக்கு வாழ்த்து. மற்ற ஊரில் யார் அந்தப் பாஞ்சாலை என்று குழம்பியிருப்பார்கள், இங்கே அவர்களுக்குத் தெரிந்த பாஞ்சாலை நான் ஒருத்திதான். "பாஞ்சாலம்மா, எங்க வூட்டுக்காரருக்கு ஒன் பொறந்தநாளுனு வந்துருக்குது, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?" என்று வஜீதா சண்டைக்கே வந்துவிட்டாள். கையில் சேமியா பாயசம். காசி செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் கடையிலிருந்து கேக் வாங்கி வந்தான், பார்த்தால் அதில் கேரட் போட்டிருக்கிறார்கள், பொரியலில் போட வேண்டியதை. வயசு யாருக்கும் தெரியாததால் ஒரே ஒரு மெழுகுவத்தி. ஊதி அணைக்கச் சொன்னார்கள். "அண்ணாமலைல பொறந்துட்டு நான் வெளக்க வாயால ஊதுவனா?" என்று முடியாது என்றேன். அதனால் அந்த மெழுகுவத்தி தானாக எரிந்து முடிகிற வரைக்கும் வந்திருந்த எட்டுப் பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். முக்கால் மணி நேரம். இந்த வீட்டில் எட்டுப் பேர் ஒன்றாக நின்று வருடக்கணக்கு ஆகிறது. பெரிய சட்டியை எடுக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

அந்த முக்கால் மணி நேரமும் நீ, அப்போது உனக்குச் சென்னை ஆபீஸ்தானே, மேனேஜர் அம்மா ரூமுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தாய். எனக்குத் தெரியாது. சாயந்திரம் நீ போன் செய்தாய், குரல் கம்மியிருந்தது, சளி என்றாய். முதல் வார்த்தை என்ன கேட்டாய் தெரியுமா? "ஆயா, ஆடு கெடச்சிச்சா?" நான் "கெடச்சிச்சிம்மா" என்றேன். என் வாயில் கேக் இருந்தது. மூன்று நாள் கழித்து உன் அப்பன் சொல்லித்தான் விஷயம் தெரியும். அன்றிலிருந்து வீட்டில் கேரட் வாங்குவதில்லை.

அப்புறம் கம்பெனியில் கூட்டம் போட்டார்கள், தட்டி போதாது என்று முடிவு செய்தார்கள். நிஜ மெஷின் சென்னையில், டெஸ்ட் மெஷின் பூனாவில். அங்கே இருப்பவர் இங்கே தொட முடியாது, இங்கே இருப்பவர் அங்கே எட்டிப் பார்க்க முடியாது, திரைகூட வேறு நிறம். சரிதான், நியாயம்தான், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் டெஸ்ட் மெஷினை லாரியில் ஏற்றும்போது உன்னையும் சேர்த்து ஏற்றுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. சென்னை என்றால் நாலு மணி நேரம், பஸ் ஏறினால் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாய். பூனாவுக்கு எத்தனை ரயில் மாற வேண்டும் என்று வஜீதா சொன்னபோது நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். போனையும் வாசலிலேயே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். யாருடைய ஆயாவாலோ இந்தச் சட்டம் வந்தது என்று அங்கே பேசிக்கொண்டால் நீ வாயைத் திறக்காதே.

ஆடி பிறந்ததிலிருந்து டிங் இல்லை. போன் கெட்டுவிட்டதென்று காசியிடம் காட்டினேன். அவன் சிம்மைக் கழற்றி, துடைத்து, ஊதி, திரும்பப் போட்டு, தன் போனிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்பிக் காட்டினான். டிங் என்றது. அவன் கையிலிருந்து பிடுங்கினேன். பார்த்தால் "பெரிம்மா போன் நல்லா இருக்கு" என்று இருக்கிறது. உன்னிடம் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்?

"ஆயா, புது சட்டம். டெஸ்ட்ல நெச ஆளுங்க பேரு, நம்பர் எதுவும் இருக்கக் கூடாது. எல்லாம் பொய்ப் பேருதான் இருக்கணும். அதான் உன்ன எடுத்துட்டாங்க."

"அப்ப நான் நெச ஆளா?"

"ஆமா ஆயா."

"அப்படினா நெசத்துல போடு."

"நெசத்துல இருக்கணும்னா பாலிசி எடுத்திருக்கணும் ஆயா. உன் வயசுக்குப் புதுசா தர மாட்டாங்க."

ஆக, டெஸ்டில் இருக்க முடியாத அளவுக்கு நான் நிஜம், நிஜத்தில் சேர முடியாத அளவுக்குக் கிழவி. எந்த ஊர் மெஷினிலும் எனக்கு இடமில்லை. உன் பேச்சை நம்பாமல் டவுனுக்குப் போய் அந்தக் கம்பெனியின் கிளை ஆபீசிலேயே கேட்டேன். டோக்கன் போட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கண்ணாடி போட்ட ஒரு தம்பியிடம் போனேன். "பாஞ்சாலைனு இந்த நம்பர்ல யாரும் இல்லியேம்மா" என்றார். "நல்லா பாருங்க தம்பி, மூணு வருசமா வாழ்த்துனீங்க, ஒரு தடவ சாவுக்குக்கூட விசாரிச்சீங்க. நான் உங்க டெஸ்ட் கஸ்டமர்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "டெஸ்ட் கஸ்டமருக்கு இங்க கவுண்டர் இல்லிங்கம்மா." நான் எழுந்திருக்கவில்லை. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. கடைசியில் அந்தத் தம்பி எழுந்து நின்று, "ஹேப்பி பர்த்டேங்கம்மா" என்றார். நல்ல பிள்ளை, நல்லா இருக்கட்டும். வரிசையில் இருந்த இரண்டு பேர் கையும் தட்டினார்கள். ஆனால் அது உன் விரல் இல்லையே. பஸ்ஸில் வரும்போது காலண்டரில் கோடு போடலாமா என்று யோசித்தேன், போடவில்லை.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். உன் மெஷினில் பொய்ப் பெயர்தான் இருக்க வேண்டும் என்றால் எனக்கும் ஒரு பொய்ப் பெயர் வைத்துவிடு. மெஹ்விஷ் என்று வை, தமிழ்செல்வி என்று வை, வெள்ளச்சி என்றுகூட வை, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நம்பர் மட்டும் என்னுடையதாக இருக்கட்டும். பிறந்தநாள்தான் வேண்டும் என்பது இல்லை, சாவு மெசேஜ் ஆனாலும் சரி, நான் காசியிடம் முன்னாலேயே சொல்லி வைக்கிறேன். அது சட்டப்படி முடியாது, உன் வேலைக்கு ஆபத்து என்றால் செய்யாதே. சத்தியமாகச் செய்யாதே. அப்படியானால் கார்த்திகை தீபத்துக்காவது வந்துவிடு. ஊரில் ஒரு லாட்ஜில்கூட ரூம் இல்லையாம், ரமணாசிரமத்துப் பக்கம் மாடிப்படியில்கூடப் படுக்க இடம் பிடித்து வைத்திருக்கிறார்களாம். நம் வீட்டில் மட்டும்தான் எவ்வளவு இடம் வேண்டுமானாலும் இருக்கிறது. பௌர்ணமிக்கு லட்சம் பேர் நம் வாசலைத் தாண்டிப் போகிறார்கள் கவி. உள்ளே வருகிறவர்கள் பாத்ரூம் எங்கே என்று கேட்கத்தான் வருகிறார்கள். நீ வந்தால் நான் பெரிய சட்டியை ஏற்றுவேன். டெஸ்ட் பார்க்காமல் நேராக ஏற்றுவேன்.

அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் உன்னையும், உன் மேனேஜர் அம்மாவையும், பூனாவில் உனக்குச் சோறு போடுகிற ஓட்டல்காரரையும், எந்த ஊரில் இருந்தாலும் அந்த இரண்டு மெஷின்களையும் குறையில்லாமல் வைக்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளி. தப்பு நடந்த அன்று நீ முதலில் ஆட்டைக் கேட்டதற்கு ஆயா உன் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்கிறேன்.

இப்படிக்கு
உன் ஆயா
பாஞ்சாலை

பின்குறிப்பு: மேலே உள்ளது டெஸ்ட் கடிதம். ஒவ்வொரு தடவையும் உனக்கு எழுதும்போது மனசில் இருப்பதை எல்லாம் முதலில் இப்படி ஒன்றில் கொட்டி, முட்டுகிறதா உதைக்கிறதா என்று பார்த்துவிட்டு, நிஜக் கடிதத்தைத் தனியாக எழுதி அதைத்தான் தபாலில் போடுவேன். டெஸ்ட் கடிதங்கள் எல்லாம் இங்கே அரிசி டிரம்மில், நிஜக் கடிதங்கள் உன்னிடம். இரண்டும் இரண்டு ஊர், உன் கம்பெனியைப்போல. இந்தத் தடவை டெஸ்ட் நீண்டுபோய் நோட்டில் தாள் தீர்ந்துவிட்டது, நோட்டும் விற்கிற காசி இன்று கடை திறக்கவில்லை, வஜீதா தபால் ஆபீசுக்குக் கிளம்பி செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள். நிஜக் கடிதத்தைக் கடைசித் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிவிட்டேன். அதை மட்டும் பிரித்து எடுக்கப் பார்த்தேன். நடுவில் பின் அடித்த நோட்டு, ஒரு தாளை இழுத்தால் எல்லாத் தாளும் கழன்று வருகிறது. அதனால் அப்படியே உறையில் போடுகிறேன். நீ பின்பக்கத்தை மட்டும் படி. இந்தப் பக்கங்களைப் படிக்காதே.

(பின்பக்கம்)

அன்புள்ள கவிநிலாவுக்கு, ஆயா எழுதுவது. நான் நலம். ஒரு குறையும் இல்லை. அக்கம்பக்கத்தில் ஆட்கள் வருவதும் போவதுமாகப் பொழுதே போதவில்லை. வெள்ளச்சி நலம், அன்று காணாமல் போனதற்கு அப்புறம் எங்கும் போகவில்லை. மெசேஜ் நின்றது நல்லதாகப் போயிற்று, போனில் சார்ஜ் நிற்கிறது. தீபத்துக்கு வர வேண்டாம், கூட்டம் ஜாஸ்தி, வேலையைப் பார். ஒன்றே ஒன்று. சுவரில் இருக்கும் உன் போட்டோ பழசாகிவிட்டது. கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு, உன் மெஷின் பக்கத்தில் நிற்க விட்டால் அங்கே நின்று, விடாவிட்டால் அதன் கதவுக்கு வெளியே நின்று, புதுப் போட்டோ ஒன்று எடு. போனில் அனுப்பாதே, பட்டன் போனில் தெரியாது. தபாலில் அனுப்பு.